விமானி மீது நடவடிக்கை வேண்டாம்: அதே விமானத்தில் வந்தவனின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதம் பகுதியில் திருப்பூர் அன்பர் ஒருவர் எழுதியதைப் படித்தேன். ஹைதராபாத்தில் இருந்து வந்த விமானம் கோவையில் இறங்காமல் முக்கால் மணி நேரம் மேலேயே சுற்றியது, பிறகு பெங்களூருக்குப் போனது, கடைசியில் பார்த்தால் சக்கரத்தில் எந்தக் கோளாறும் இல்லை, வெறும் சென்சார் பழுது, இதற்காகப் பயணிகளை அலைக்கழித்த விமானி மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அவர் கடிதத்தின் சாரம். மறுநாள் காலையில் சரக்கு வாங்கும் பையருக்குச் சாம்பிள் காட்ட முடியாமல் போய் ஒரு ஆர்டரை இழந்ததாகவும் எழுதியிருந்தார். அவருடைய நட்டம் உண்மை. அதை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. ஆனால் அதே விமானத்தில் பதினாறாவது வரிசையில் நானும் உட்கார்ந்து வந்தேன். அந்த விமானியின் மேல் ஒரு சொல் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை.

நான் திருச்செங்கோட்டுக்காரன். 34 வருடமாக, ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகளுக்கு ஹைட்ராலிக் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர் வண்டிகள் இந்தியா முழுக்க போர் போடுகின்றன. எங்காவது வண்டி படுத்துவிட்டால் சீல் கிட்டையும் ஹோஸையும் எடுத்துக்கொண்டு ஓடுவது என் பிழைப்பு. அன்றைக்கும் ராய்ப்பூர் பக்கம் ஒரு வண்டியை எழுப்பிவிட்டு, ஹைதராபாத் வந்து விமானம் மாறி, கோவைக்கு வந்துகொண்டிருந்தேன். ஐப்பசி மாதம், ராத்திரி எட்டு மணி இருக்கும். மேகத்துக்குள் நுழைந்ததும் குலுக்கல் ஆரம்பித்தது. ஜன்னலில் மழைத்தண்ணீர் பின்பக்கமாகக் கோடு கோடாக ஓடியது. மின்னல் வெட்டும்போதெல்லாம் இறக்கை வெள்ளையாகத் தெரிந்து மறைந்தது.

சக்கரம் இறங்கும் சத்தத்தை எப்போதும் காது கொடுத்துக் கேட்பவன் நான். தொழில் பழக்கம். அன்றைக்கும் கேட்டேன். கதவு திறக்கிற இரைச்சல், பம்ப் இழுக்கிற முனகல், அடுத்தடுத்து 'தட்' 'தட்' என்று காலடியில் அதிர்வு. எல்லாம் இறங்கிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். பீளமேட்டு வெளிச்சம் மழைக்குள் மங்கலாகத் தெரிந்தது. அந்த நேரம் இன்ஜின் சட்டென்று உறுமியது. மூக்கு மேலே தூக்கியது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது.

பத்து நிமிடம் கழித்து கேப்டன் பேசினார். ஆங்கிலத்தில் ஒரு முறை, இந்தியில் ஒரு முறை. பக்கத்தில் இருந்த காங்கேயத்து ஆத்தா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன சாமி சொல்றாங்க? ஊரு வந்துருச்சுங்களா?" என்று கேட்டார். ஹைதராபாத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் தனியாகத் திரும்புகிறவர். வடநாட்டில் சுற்றிச் சுற்றி எனக்கு இந்தி நன்றாக வரும். "ஒரு சக்கரம் பூட்டிக்கிச்சான்னு காட்டற வெளக்கு எரியலையாமாங்க ஆத்தா. மேல நின்னு பரிசோதிக்கறாங்களாம். எண்ணெய் போதுமான அளவுக்கு இருக்குதாம். பயப்பட வேண்டாம்னு சொல்றாரு" என்றேன். முன்வரிசையில் இருந்தவர்கள், பின்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, அந்த விமானத்தில் பாதிப் பேருக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை என்பது. புரியாத பயம்தான் பிறகு கோபமாக மாறியது. "கீழ கோயமுத்தூர் தெரியுதில்ல, எறக்க வேண்டியதுதானே" என்று ஒருவர் சத்தம் போட்டார். கார் ஓட்டத் தெரியாதவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தது போல என்று இன்னொருவர் சொன்னார். பெங்களூர் போகிறோம் என்று கேப்டன் சொன்னதும் விமானப் பணிப்பெண்களைச் சூழ்ந்துகொண்டு சண்டைக்கே போய்விட்டார்கள். அந்தப் பெண்களில் ஒருவருக்கு என் மகள் வயதுகூட இருக்காது. சிரித்த முகத்தை மாற்றாமல் ஒவ்வொருவரையும் பெல்ட் போட வைத்தார்.

வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு இவ்வளவுதான் தெரியும். காக்பிட்டுக்குள் அந்த முக்கால் மணி நேரம் என்ன வேலை நடந்திருக்கும் என்பதை என் தங்கச்சி மகன் எனக்கு விளக்கினான். அவன் விமானப் பராமரிப்புப் பொறியாளர். ஏர்பஸ் ஏ320 விமானங்களில் வேலை பார்த்துப் பழகியவன். நாங்கள் வந்ததும் அதே மாடல். அவன் சொன்னதை என்னால் முடிந்த அளவு எழுதுகிறேன்.

காக்பிட்டில் மூன்று பச்சை விளக்கு எரிய வேண்டும். மூக்குச் சக்கரத்துக்கு ஒன்று, இறக்கைக்குக் கீழே இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்று. சக்கரம் இறங்கினால் மட்டும் பச்சை வராது. இறங்கி, கால் நேராக நின்று, பூட்டு விழுந்தால்தான் வரும். பூட்டு விழாத கால் தரையில் பட்டதும் மடங்கிவிடலாம். எங்களுக்கு அந்த மூன்றில் ஒரு பச்சை வரவில்லை. நான் காதால் கேட்ட 'தட்' சத்தம் இறங்கியதைச் சொல்லும், பூட்டியதைச் சொல்லாது. விமான நிலைய டவருக்குப் பக்கத்தில் தாழப் பறந்து பார்க்கச் சொல்லலாமே என்று கேட்டேன். "மழையில, ராத்திரியில என்ன மாமா தெரியும்? பகல்லயே, கால் வெளிய வந்திருக்குதுன்னுதான் டவர்ல சொல்ல முடியும். பூட்டு கண்ணுக்குத் தெரியாது" என்றான்.

இறங்காமல் போனால் கையாலேயே இறக்கும் வழியும் இருக்கிறதாம். இரண்டு விமானிகளுக்கும் நடுவில், பின்பக்கமாக ஒரு கைப்பிடி இருக்கும். அதை மூன்று சுற்று சுற்றினால் ஹைட்ராலிக் துண்டிக்கப்பட்டு, கொக்கிகள் கழன்று, சக்கரம் தன் எடையிலேயே விழும். எங்கள் ரிக்கில் வால்வைத் திறந்துவிட்டால் சிலிண்டர் தானாக இறங்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் அவன் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

"அதச் சுத்தினதுக்கு அப்பறம் ஆகாசத்துல வெச்சு சக்கரத்த மறுபடி மடக்கக்கூடாது மாமா. சக்கரமும் தொங்கும், அதோட கதவும் தொங்கும். அதோட பறந்தா காத்து இழுக்கும், எண்ணெய் கன்னாபின்னான்னு குடிக்கும். தூரமா போக முடியாது. எறங்கினதுக்கு அப்பறம் மூக்குச் சக்கரத்தத் திருப்பவும் முடியாது, ரன்வேயிலயே நின்னுக்கணும், டிராக்டர் வந்துதான் இழுக்கணும். அதனால எங்க எறக்கப் போறோம்னு முடிவு பண்ணாம அந்தக் கைப்பிடியத் தொடக்கூடாது."

கோவையில் ஒரே ஒரு ஓடுபாதை. நீளம் 3,000 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அன்றைக்கு அது முழுக்க நனைந்து கிடந்தது, மேலே இடி மேகம், காற்று திசை மாறி மாறி அடித்தது. பூட்டு விழுந்ததா என்று உறுதியில்லாத காலோடு இறங்குகிறவருக்கு வேண்டியது காய்ந்த தரை, நீளமான பாதை, பக்கவாட்டில் தள்ளாத காற்று. அது போக, நாங்கள் கோவை ஓடுபாதையின் நடுவில் நின்றுவிட்டால், பின்னால் மழைக்குள் வந்துகொண்டிருக்கும் மற்ற விமானங்கள் இறங்க இடமில்லை. அவர்களும் எங்காவது திரும்பி ஓட வேண்டும். பெங்களூரில் 4,000 மீட்டரில் இரண்டு ஓடுபாதைகள் இருக்கின்றன. அன்றைக்கு அங்கே மழை இல்லை. ஒன்றில் நாங்கள் நின்றாலும் இன்னொன்றில் வேலை நடக்கும். அதுவரைக்கும் சக்கரத்தை மடக்கி வைத்துக்கொண்டு, பெங்களூர் பக்கத்தில் போன பிறகு கையால் இறக்கினார்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் கையேட்டைப் பார்த்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து, இன்னொரு தடவை இறக்கிப் பார்த்து, எரிபொருளைக் கணக்குப் போட்டு, பெங்களூர் வானிலையைக் கேட்டு வாங்கி, அங்கே தீயணைப்பு வண்டிகளைத் தயார் நிலையில் நிற்கச் சொல்லி இருக்கிறார்கள். போய்ச் சேருகிற இடத்தில் அரை மணி நேரம் பறக்கிற அளவு எரிபொருள் மிச்சம் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். மழைக்காலம் என்று கூடுதலாகவே நிரப்பிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள் என்றான் மாப்பிள்ளை.

சென்சார் பழுதுதானே என்று எழுதிய அன்பருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பெங்களூரில் நின்று, ஆள் அடியில் புகுந்து, பூட்டைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் அது சென்சார் பழுது. அதற்கு முன்பு மேலே இருந்தவர்களுக்கு அது பூட்டாத கால். என் வண்டியில் விளக்கு எரியவில்லை என்றால் நான் ஓரம் கட்டி, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அடியில் போய்ப் படுத்துப் பார்ப்பேன். அந்த விமானியால் எங்கே ஓரம் கட்ட முடியும்?

விளக்கைப் பற்றி மாப்பிள்ளை சொன்ன இரண்டு விபத்துகள் ராத்திரியெல்லாம் மனதில் ஓடின. 1972 டிசம்பர் 29-ம் தேதி அமெரிக்காவில் மயாமிக்கு இறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401-ல் மூக்குச் சக்கர விளக்கு எரியவில்லை. பல்பு ஃபியூஸ் போயிருந்தது, அவ்வளவுதான். சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. காக்பிட்டில் இருந்தவர்கள் கவனம் முழுக்க அந்த பல்பிலேயே இருந்தது. உயரத்தைப் பிடித்து வைத்திருந்த ஆட்டோ பைலட் விலகியதை யாரும் கவனிக்கவில்லை. விமானம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி சதுப்பு நிலத்தில் மோதியது. 101 பேர் இறந்தார்கள். ஆறு வருடம் கழித்து 1978 டிசம்பர் 28-ல் போர்ட்லாந்தில் யுனைடெட் 173. அங்கேயும் சக்கரத்தில் சந்தேகம். ஒரு மணி நேரம் போல சுற்றிச் சுற்றிப் பரிசோதித்தார்கள். எரிபொருள் குறைகிறது என்று கூட இருந்தவர் சொன்னதைக் கேப்டன் உறைக்கிற மாதிரி கேட்கவில்லை, சொன்னவரும் உறைக்கிற மாதிரி சொல்லவில்லை. இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்று, விமான நிலையத்துக்குச் சில மைல் முன்பே விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். அங்கேயும் சக்கரம் பூட்டியே இருந்தது. கேப்டன் தப்புச் செய்தால் துணை விமானி தயங்காமல் சொல்ல வேண்டும், கேப்டன் காது கொடுக்க வேண்டும் என்கிற பயிற்சியை 1981-ல் அதே யுனைடெட் நிறுவனம் தொடங்கியது. இன்றைக்கு அது உலகம் முழுக்க விமானிகளுக்குக் கட்டாயம்.

அதனால், சுற்றுகிறவர் எல்லாம் நல்ல விமானி என்று நான் சொல்லவில்லை. 2024 அக்டோபர் 11-ல் திருச்சியில் இருந்து ஷார்ஜா கிளம்பிய விமானத்துக்கு ஹைட்ராலிக் பழுது வந்து, 140-க்கும் மேற்பட்டோருடன் இரண்டரை மணி நேரம் சுற்றியது. நாமெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அந்த போயிங் 737-ல் எரிபொருளை வெளியே கொட்டும் வசதி கிடையாது. தொலைதூரம் போக நிரப்பிய டேங்க்கோடு, அந்த எடையோடு இறங்கக்கூடாது. எரித்துக் குறைக்க வேண்டியிருந்தது, சுற்றினார்கள், பத்திரமாக இறக்கினார்கள். அங்கே டேங்க் நிறைந்திருந்ததால் சுற்றுவது சரி, போர்ட்லாந்தில் டேங்க் காலியாகிக்கொண்டிருந்ததால் தவறு. எவ்வளவு நேரம் சுற்றலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பது உள்ளே எரிபொருள் மானியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். சீட்டில் இருந்து கத்துகிற நமக்குத் தெரியாது.

இறக்கு இறக்கு என்று நெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். 2020 ஆகஸ்ட் 7-ல் கோழிக்கோடு கரிப்பூரில் நடந்த விமான விபத்து நம் ஊருக்கு ஒரு மலை தாண்டித்தான். கொட்டுகிற மழையில் முதல் தடவை இறங்காமல் மேலே எழும்பினார்கள். கேப்டன் பக்கத்து வைப்பர் வேலை செய்யவில்லை. இரண்டாவது தடவை, பின்னால் இருந்து காற்று தள்ள, ஓடுபாதையின் பாதி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. துணை விமானி மேலே எழுப்பச் சொல்லியும் கேப்டன் இறக்கிவிட்டார். மேட்டு விளிம்பைத் தாண்டி விழுந்து 21 பேர் இறந்தார்கள், இரண்டு விமானிகளும் சேர்த்து. விசாரணை அறிக்கையில் ஒரு விஷயம் இருக்கிறது. மறுநாள் காலையில் கோழிக்கோட்டில் இருந்து கிளம்ப வேண்டிய விமானத்தை அதே கேப்டன்தான் ஓட்ட வேண்டும். மாற்று ஆள் இல்லை. எப்படியும் அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்கிற நினைப்பு அவரை அழுத்தியிருக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். இறந்தவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அனுபவசாலி, விமானப்படையில் இருந்து வந்தவர். அவரையே அந்த நினைப்பு தள்ளியிருக்கிறது.

அந்த அழுத்தம் எனக்குத் தெரியும். 1998-ல் ஒரு கரிசல் காட்டில் போர் போடப் போயிருந்தோம். காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. நாலு ஜாக்கியையும் ஊன்றி வண்டியைத் தூக்கியாகிவிட்டது. பின்பக்கத்து இடது ஜாக்கியின் அடியில் போட்ட பலகை ஒரு விரல் அளவு அமுங்கியிருந்தது போல எனக்குப் பட்டது. இறக்கிவிட்டு இன்னொரு பலகை போட்டு மறுபடி தூக்கலாம் என்றேன். அரை மணி நேர வேலை. நிலத்துக்காரர் நல்ல நேரம் முடியப்போகிறது என்றார். வண்டி ஓனர் அடுத்து போர் போடும் இடத்துக்கு எப்போது போவீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சரி, மாஸ்ட் கம்பத்தைத் தூக்குங்க என்று நானே சொன்னேன். முக்கால்வாசி எழும்பியபோது பலகை வழுக்கியது. வண்டி சாய்ந்தது. முழுக்கக் கவிழவில்லை. ஆனால் ராடு பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஹெல்ப்பர் பையனின் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. நெருக்கினவர்கள் யாரும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. சொன்னது என் வாய்தான். இத்தனை வருடம் கழித்தும், ஈரக் கரிசல் மண் வாசம் வந்தால் எனக்கு அந்தப் பலகைதான் கண்ணில் தெரியும்.

நம் விமானியை அன்றைக்கு 170 பேருக்குப் பக்கம் நெருக்கினோம். அவர் நெருங்க விடவில்லை. அதற்காக அவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனால், அடுத்த முறை அவர் கை எந்தப் பக்கம் போகும்? அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளம் விமானி என்ன கற்றுக்கொள்வார்? இறங்காமல் எழும்பியதற்காகவும் வேறு ஊருக்குத் திருப்பியதற்காகவும் விமானியைத் தண்டிக்கக் கூடாது. இதில் நிறுவனங்களைவிட நம்மைப் போன்ற பயணிகளுக்குத்தான் அதிகப் பொறுப்பு. புகார் எழுதுகிறவர்கள் நாம்தானே.

திருப்பூர் அன்பரின் கோபத்தில் நியாயமான பகுதி ஒன்று இருக்கிறது. பெங்களூரில் இறங்கிய பிறகு எங்களைக் கவனித்த விதம் சரியில்லை. இரண்டு மணி நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. வயதானவர்களுக்குத் தண்ணீர்கூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. பஸ் விடிகாலை ஐந்து மணிக்கு எங்களை அவிநாசியில் இறக்கிவிட்டது. அதற்கு நடவடிக்கை கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதோடு, கோவைக்கு வருகிற போகிற விமானங்களில் அவசர நேரத்து அறிவிப்பு தமிழிலும் வர வேண்டும் என்று சேர்த்துக் கேளுங்கள். கேப்டனுக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. பதிவு செய்த நாலு வரி போதும்: சக்கரத்தில் ஒரு சந்தேகம், பரிசோதிக்கிறோம், எரிபொருள் இருக்கிறது, பெல்ட்டைக் கழற்றாதீர்கள். அன்றைக்கு நான் இல்லாவிட்டால் அந்த ஆத்தாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பெங்களூர் ஓடுபாதையில் விமானம் நின்றதும், வெளியே தீயணைப்பு வண்டிகளின் விளக்கு சுழன்றுகொண்டிருக்க, உட்காருங்கள் என்று பணிப்பெண்கள் கத்திக்கொண்டிருக்க, முப்பது பேர் எழுந்து மேலே இருந்த பையை எடுத்தார்கள். தீப்பிடித்திருந்தால் அந்தப் பைகள்தான் வழியை அடைத்திருக்கும். 2024 ஜனவரி 2-ல் டோக்கியோ ஹனேடாவில் எரிந்துகொண்டிருந்த விமானத்தில் இருந்து 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பையை விட்டுவிட்டு வந்தார்கள்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தச் செய்திக்கு 'நடுவானில் தத்தளித்த விமானம்' என்று தலைப்பு போட்டிருந்தீர்கள். விமானம் தத்தளிக்கவில்லை ஐயா. மேகத்துக்கு மேலே, நேராக, நிதானமாகப் பறந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக நிலா தெரிந்தது. தத்தளித்தது நாங்கள். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், விமானி எதனால் அந்த முடிவை எடுத்தார் என்று ஒரு பத்தி சேர்த்துப் போடுங்கள்.

டிராக்டர் எங்களை இழுத்துக்கொண்டு போய் நிறுத்திய பிறகு, இறங்கும்போது காக்பிட் கதவு திறந்திருந்தது. கேப்டன் எழுந்து வாசலில் நின்றார். நாற்பது வயது இருக்கும். சட்டையின் முதுகு முழுக்க வேர்வையில் ஒட்டியிருந்தது. முன்னால் போனவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமலே போனார்கள். காங்கேயத்து ஆத்தா நின்று, அவர் கையை இரண்டு கையாலும் பிடித்து, "நல்லா இருக்கோணும் கண்ணு" என்றார். கேப்டனுக்குத் தமிழ் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் இந்தியில் சொன்னேன்.

இப்படிக்கு,
ரிக் வண்டி ஹைட்ராலிக் மெக்கானிக்,
திருச்செங்கோடு.